டெலிபோன் புஷ்பமும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டும்

1976 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தங்கபுஷ்பம் நடுப் போர்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஆபரேட்டராக அவளுக்கு அது ஏழாவது வருஷம். குற்றாலத்துத் தைலக் கடை ஒன்றிலிருந்து சங்கரன்கோவிலுக்கு டிரங்க் கால் கேட்டிருந்தார்கள். அவசரம் இல்லை, சாதாரணம்தான். பதினோரு மணிக்குத்தான் லைன் கிடைத்தது.

இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க ஒரு நொடி காது கொடுப்பது வழக்கம். கேட்டதும் போர்டில் உள்ள சாவியைத் தள்ளித் தன் காதை விலக்கிக்கொண்டு அடுத்த டிரங்க் காலைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் கேட்டால் வேலை போய்விடும். சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"தில்லைநாயகம் அண்ணாச்சியா? நான் குத்தாலத்துலேர்ந்து பேசுதேன். உங்க தங்கச்சி மாப்பிள, கடையத்துல கணக்கு வாத்தியாரு, சந்தானகிருஷ்ணன்... அவரப் பத்தி ஒரு சங்கதி."

புஷ்பத்தின் விரல் சாவியின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"ஞாயித்துக்கிழம தோறும் ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜுக்கு வாராரு. சீசன் இல்லாத நேரம், ஈ காக்கா கிடையாது. கதவ அடச்சிட்டு உள்ள பாட்டு. ரெண்டு பொம்பளைய வருதாளுவ. அங்கன சமையக்காரன் ஒருத்தன், ஒம்போது, சேலை கட்டிட்டு உக்காந்திருக்கான். சன்னல் இடுக்கு வழியா என் கண்ணால பாத்தேன். குடும்பஸ்தராச்சே, சொல்லாம இருக்க மனசு கேக்கல."

"எத்தன மணிக்கு?" என்றது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைக் குரல்.

"ரெண்டு மணிக்கு ஆரம்பிக்காவ."

"நாளைக்கே வாரேன். நமக்குப் பழக்கமான ஏட்டு ஒருத்தர் இருக்காரு. மாப்பிளைய நான் வீட்டுக்குள்ள வச்சுக்கிடுதேன். அந்த ரெண்டு பொம்பளையளயும் லாட்ஜு கேசுல போட்டுட்டா ஜென்மத்துக்கும் வெளிய தலகாட்ட மாட்டாளுவ."

அந்த ரெண்டு பொம்பளைகளில் ஒருத்தி புஷ்பம். கடிகாரம் மூன்று நிமிடம் காட்டியது. குறுக்கே போய்க் கேட்டாக வேண்டும். "மூணு நிமிஷம் ஆயிட்டு சார். நீட்டணுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, பேசி முடிஞ்சிட்டு" என்றார் தில்லைநாயகம், மரியாதையாக.

அந்தக் காலுக்கான டிக்கெட்டில் நேரம் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. பின்னால் மேஜையில் இருந்த சூப்பர்வைசர் அகிலாண்டேஸ்வரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன புஷ்பம், லைன் சரியில்லையா?"

"கொஞ்சம் இரைச்சல் மேடம்."

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிற வரைக்கும் எத்தனை கால் போட்டாள், யாருக்கு யாரை இணைத்தாள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

புஷ்பம் வாசுதேவநல்லூரில் பிறந்தவள். அப்பா இறந்த பிறகு அண்ணன்தான் படிக்க வைத்தான். வேலை கிடைத்ததும் தென்காசிக்கு வந்தாள். 1971-இல் டைபாய்டு வந்து கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தபோது அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஞானபாக்கியம், நாசரேத் பக்கத்துக்காரி. காய்ச்சல் விட்டது, இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. கீழப்புலியூரில் இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் சிக்கனத்துக்காகச் சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெருவே நினைத்துக்கொண்டது. வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி இரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்று வெறுமனே கிடக்கும். அண்ணன் மாப்பிள்ளை பார்த்து எழுதும் கடிதங்களுக்கு, "பிரமோஷன் பரீட்சை எழுதுகிறேன்" என்று ஐந்து வருஷமாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் இருந்ததற்கு ஏதாவது பெயர் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. வெளியே தெரிந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பாட்டு ஆரம்பித்ததும் பாக்கியத்தால்தான். நெஞ்சு வலிக்கிறது என்று லாட்ஜ் மேனேஜர் பரமசிவன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. சோதித்துப் பார்த்தால் நெஞ்சில் ஒன்றுமில்லை. டாக்டர் போன பிறகு பாக்கியம் மெதுவாக விசாரித்தாள். பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்த சிநேகிதர் அபுதாபிக்குப் போய்விட்டார், போகிறபோது கல்யாணமும் செய்துகொண்டு போனார். அன்றைக்கு மூடிய ஆர்மோனியத்தைப் பரமசிவன் மறுபடி திறக்கவில்லை.

"அதத் தெறங்க அண்ணாச்சி. நாங்க ரெண்டு பேரும் கேக்க வாரோம்" என்றாள் பாக்கியம்.

அப்படித்தான் போனார்கள். லாட்ஜில் சமையல் செய்த மாடக்கண்ணு முதல் நாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். இரண்டாவது வாரம் உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் வாயைத் திறந்தான். பெண் குரல்தான் அது, கரகரப்பே இல்லாத, மேல் ஸ்தாயியில் நிதானமாக நிற்கிற குரல். "எம் பேரு மாடத்தின்னு கூப்பிடுவியளாக்கா?" என்று புஷ்பத்திடம் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் மாடத்திதான். அரிசி டின்னுக்குள் மடித்து வைத்திருந்த ஊதா நிறச் சேலையை இரண்டு மணி நேரம் மட்டும் கட்டிக்கொள்வாள்.

சந்தானகிருஷ்ணன் கடைசியாக வந்தவர். லாட்ஜில் ஒரு நாள் தங்க வந்த கணக்கு வாத்தியார், பாட்டுச் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினார். மனைவி, இரண்டு பிள்ளைகள். தூக்க மாத்திரை இல்லாமல் படுக்க முடியாத மனிதர். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. ஆறாவது வாரம், தானும் பரமசிவனைப் போலத்தான் என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு அழுதார். பரமசிவன் அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்தார். தை மாதத்துக்குள் வாத்தியார் மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொன்னபோது பாக்கியம் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "நம்புதேன்" என்றாள்.

புஷ்பத்துக்கும் அப்படித்தான். வாரம் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டுத் தன் பேச்சை விழுங்கி விழுங்கி வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்திருக்கும். வெளியே ஒரு காதல் பாட்டை முணுமுணுத்தால்கூட, யாரை நினைத்துப் பாடுகிறாள் என்பதை முகத்தில் காட்டாமல் பாட வேண்டும். அந்த அறையில் பாக்கியத்தைப் பார்த்தே பாடலாம். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் ஒரு வரியை எடுக்கும்போது வயிற்றுக் கல் எங்கே போனது என்றே தெரியாது.

பயமும் கூடவே இருந்தது. சீசனில் அருவி இரைச்சலில் எதுவும் வெளியே கேட்காது, ஆனால் அப்போது லாட்ஜ் நிறைய ஆட்கள். தை, மாசியில் லாட்ஜ் காலி, அருவியோ நூலாகத்தான் விழும். ஜன்னலை எல்லாம் அடைத்து, இடுக்கில் துணி வைத்துப் பாடினார்கள். ஒரு இடுக்கை மறந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பமும் பாக்கியமும் பஸ் பிடித்து லாட்ஜுக்குப் போனார்கள். செய்தியைக் கேட்டதும் பரமசிவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டிருவோம். நான் பண்பொழிக்குப் போயிருதேன், மாடத்தி அவ ஊருக்குப் போகட்டும்" என்றார்.

"வாத்தியாரு?" என்றாள் புஷ்பம். "அவருக்கு எப்படிச் சொல்ல? வீட்டுல போன் கெடையாது. வீட்டுக்கு ஆள் போனா அவர் பொண்டாட்டி என்ன ஏதும்பா. நாளைக்கு வந்து பூட்டின கதவு முன்னால நிப்பாரு, மச்சினர் பின்னாலயே வந்து நிப்பாரு."

"பஸ் ஸ்டாண்டுல வச்சுத் திருப்பி அனுப்பிருவோம்" என்றார் பரமசிவன்.

பாக்கியம் குறுக்கிட்டாள். "நாளைக்கு இல்லைன்னா அடுத்த வாரம் வருவாவ அண்ணாச்சி. இல்லைன்னா நம்ம வீட்டுக்கு வருவாவ. எமர்ஜென்சி வேற. போன வாரம் மெட்ராஸ் கவர்மெண்டையே கலச்சிட்டாவ, இப்ப ஏட்டு வச்சதுதான் சட்டம். வந்து பாக்கட்டும். பாக்கும்போது சந்தேகப்பட முடியாத ஒரு ஆள் நடுவுல உக்காந்திருக்கணும்."

"யாரு?"

பாக்கியம் புஷ்பத்தைப் பார்த்தாள். "உங்க சூப்பர்வைசரம்மா பஜனைன்னா உசிர விடுவாவன்னு நீதான சொன்ன."

டிரங்க் காலை ஒட்டுக்கேட்டது தெரிந்தால் ரிப்போர்ட் எழுதப் போகிறவரே அவர்தான். "ஏட்டி, உனக்குப் பைத்தியமா?" என்றாள் புஷ்பம். ஆனால் அன்றைக்கு வேறு வழி ஒன்றும் யாருக்கும் தோன்றவில்லை. கிளம்பும்போது மாடத்தியின் சேலையைப் பாக்கியம் தன் ஆஸ்பத்திரிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மாடத்தி அது உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புஷ்பம் ரதவீதியில் அகிலாண்டேஸ்வரியின் வீட்டு வாசலில் நின்றாள். அவர் கல்யாணம் ஆகாதவர், ஐம்பது வயது, தங்கையோடு இருந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"லீவு வேணுமா?"

"இல்ல மேடம். நாங்க நாலஞ்சு பேர் குத்தாலத்துல ஞாயித்துக்கிழம சாமி பாட்டு படிப்போம். நீங்க ஒரு நாளைக்கு வந்தா..."

"நீ பாடுவியா?" அகிலாண்டேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு வருசமா என் முன்னாலதான உக்காந்திருக்க, சொல்லவே இல்லையே. எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு மேடம்."

"தங்கச்சியும் வருவா. நாலரைக்கெல்லாம் திரும்பிரணும்."

புஷ்பம் அங்கிருந்து நேராகப் பூக்கடைக்குப் போய் ஒரு மாலை வாங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் வாத்தியாரைப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று பாக்கியம் பன்னிரண்டிலிருந்து காத்திருந்தாள். வழக்கமாக வரும் பஸ்ஸில் அவர் வராததால் பாக்கியம் லாட்ஜுக்குத் திரும்பினாள். வாத்தியாரோ யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நேராக லாட்ஜுக்கு வந்துவிட்டார். உள்ளே வந்தவர் இரண்டு புது அம்மாள்களைப் பார்த்துத் திகைத்தார். ஜன்னலெல்லாம் விரியத் திறந்து கிடந்தது. சுவரில் புதிதாக ஒரு முருகன் படம், அதற்கு மாலை. புஷ்பம் கைத்தாளத்தை எடுத்து நீட்டுகிற சாக்கில், "உங்க மச்சினர் வாராரு. சாமி பாட்டு மட்டும்" என்று காதோடு சொன்னாள். தாளத்தை வாங்கிய அவர் கை பழையபடி நடுங்க ஆரம்பித்தது.

மாடத்தி சட்டையும் வேட்டியுமாக அடுப்படியில் இருந்தாள். கண் மையை எண்ணெய் வைத்துத் துடைத்திருந்தாள்.

இரண்டரை மணிக்கு ஜீப் வந்தது. தில்லைநாயகம் முதலில் ஏறி வந்தார். கனத்த ஆள், வெள்ளை வேட்டி. பின்னால் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் மப்டியில் இருந்தாலும் செருப்பும் முடிவெட்டும் ஏட்டு என்று சொல்லின. கதவை உதைக்கிற வேகத்தில் வந்தவர்கள் கதவு திறந்திருந்ததால் நிலைப்படியிலேயே தடுமாறி நின்றார்கள்.

அகிலாண்டேஸ்வரி பாட்டை நிறுத்தவில்லை. கையால் 'உட்காருங்கள்' என்று சைகை காட்டிவிட்டு அந்த அடியை முடித்த பிறகுதான் திரும்பினார்.

"யாரு நீங்க?"

"இவரு... என் தங்கச்சி மாப்பிள" என்று வாத்தியாரைக் காட்டினார் தில்லைநாயகம்.

"நல்லாத் தாளம் போடுதாரு. நான் தென்காசி டெலிபோன்ஸ் சூப்பர்வைசர். வந்தவங்க செருப்பக் கழத்திட்டு உக்காருங்க."

ஏட்டு உடனே கழற்றினார். ஆனால் தில்லைநாயகத்தின் கண் அறையைத் துழாவிக்கொண்டிருந்தது. புஷ்பத்தின் முகத்தில் நின்றது, பாக்கியத்திடம் போனது, மறுபடி புஷ்பத்திடம் வந்தது. அவள் வாயைத் திறந்தால் நேற்று போனில் கேட்ட குரல் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அவர் கூட வந்தவனிடம் ஏதோ சொன்னார். அவன் அடுப்படிக்குள் போய் மாடக்கண்ணைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"யாருலே நீ?"

"சமையக்காரன்யா."

"பாட்டுப் படிப்பியாமே? எங்க, ஒரு பாட்டுப் படி பாப்போம்."

ஆர்மோனியத்தின் துருத்தியில் இருந்த பரமசிவன் கை அப்படியே நின்றது. அந்தக் குரல் ஒரு வரி வெளியே வந்தால் போதும், தைலக் கடைக்காரன் சொன்னது அத்தனையும் உண்மையாகிவிடும்.

மாடக்கண்ணு பாடினான். தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவன் மாட்டை விரட்டுகிற மாதிரி, சுருதியில்லாமல், உடைந்த ஆண் குரலில் ஒரு காவடிப் பாட்டின் இரண்டு வரியைக் கத்தினான். ஜீப்பில் வந்தவன் சிரித்துவிட்டான். ஏட்டும் சிரித்தார். அகிலாண்டேஸ்வரியின் தங்கை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாடக்கண்ணும் கூடவே பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, "இவ்வளவுதான்யா நமக்கு வரும்" என்று சொல்லி உள்ளே போனான்.

புஷ்பத்துக்கு அதுவரை இருந்தது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அந்தச் சிரிப்பில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இனி இந்தத் தொண்டையிலிருந்து பழைய குரல் வராமலே போய்விடுமோ என்று நினைத்தாள்.

தில்லைநாயகம் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மங்களம் பாடி முடிந்ததும் எழுந்து அகிலாண்டேஸ்வரிக்குக் கும்பிடு போட்டார். பிறகு வாத்தியாரிடம், "மாப்பிள, ஜீப்புல ஏறுங்க, வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. வாத்தியார் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஏறினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஜூன் மாதம் விளாத்திகுளத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டார்கள். ஒரு பொங்கலுக்குப் பரமசிவன் பெயருக்கு வாழ்த்து அட்டை வந்தது. அதில், "மறுபடி மாத்திரை போடுகிறேன். நீங்கள் பாடுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை.

திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சில் அகிலாண்டேஸ்வரி புஷ்பத்தைத் தனியே கூப்பிட்டார். மேஜைமேல் சனிக்கிழமை டிக்கெட்டுகள் கட்டாக இருந்தன. மேலே கிழிந்த டிக்கெட்.

"குத்தாலம், சங்கரன்கோவில், பதினோரு மணி. நேத்து வந்த ஜீப்புல சங்கரன்கோவில்னு எழுதியிருந்துது. நான் கணக்குப் போட மாட்டேன்னு நெனச்சியா?"

அவர் டிக்கெட் கட்டை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"என்னத்துக்கு என்னக் கூப்பிட்டன்னு நான் கேக்கப் போறதில்ல. எனக்குத் தெரியவும் வேண்டாம். ஆனா இன்னொரு தடவ லைன்ல காது வச்சேன்னு தெரிஞ்சா எழுதிருவேன். போ."

அவர் எழுதவில்லை. மாதம் ஒரு தடவை பாட்டுக்கும் வந்தார். வந்தபோதெல்லாம் புஷ்பம் அவருக்கு எவ்வளவு தெரியும், எப்போது மனசு மாறும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். லாட்ஜில் ஞாயிற்றுக்கிழமை பஜனை ஊர் அறிந்த விஷயம் ஆகிவிட்டது. தைலக் கடைக்காரரே ஒரு வாரம் சுண்டல் கொடுத்து அனுப்பினார். ஜன்னல் திறந்திருந்தது, யாரும் ஒளிய வேண்டியதில்லை, ஆனால் பாடிவிட்டு வந்தால் வயிற்றுக் கல் அப்படியே இருந்தது. மாடத்தி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. புஷ்பம் ஒரு நாள் உள்ளே போய்க் கேட்டாள்.

"ஒரு வரியாவது பாடேன் மாடத்தி."

"அந்தப் பேர இங்கன சொல்லாதியக்கா. சன்னல் தெறந்து கெடக்கு."

அப்படி மூன்று வருஷம் போயிற்று. 1979-இல் பாக்கியத்துக்கு ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் கடைசி வீடு கிடைத்தது. ஒரு பக்கம் மதில், பின்னால் வயல். புஷ்பம் அவளுடைய 'சொந்தக்காரி' என்று பதிவேட்டில் எழுதினார்கள். அப்போது வியாழக்கிழமைதான் புஷ்பத்துக்கு வார விடுமுறை, அகிலாண்டேஸ்வரிக்கு டியூட்டி. அந்த நாள் பகலில் பரமசிவன் ஆர்மோனியத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். மாடத்தி காய்கறிக் கூடையோடு வந்தாள். பாக்கியம் பெட்டியிலிருந்து ஊதாச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இருமினாள்.

"வரலக்கா."

"அவசரமில்ல" என்றாள் பாக்கியம்.

நாலு வாரம் மற்றவர்கள் பாட அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ஐந்தாவது வாரம், முன்னறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் புஷ்பம் திரும்பி வந்தபோது, பரமசிவனின் சுருதிக்கு மேலே மெல்லியதாக ஒரு இழை கேட்டது. முன்பு போல இல்லை, நடுவில் கொஞ்சம் கீறல் இருந்தது. பாக்கியம் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டாள். புஷ்பமும் உட்கார்ந்து சேர்ந்தாள்.

அண்ணன் கடிதம் எழுதுவதை 1983-இல் நிறுத்தினான். பாட்டு அதற்குப் பிறகும் நடந்தது. வாசலில் சைக்கிள் மணி அடித்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். சேலை உள்ளறைக்குப் போகும், ஆர்மோனியத்தின்மேல் துண்டு விழும், சைக்கிள் தாண்டிப் போன பிறகு விட்ட வரியிலிருந்தே எடுப்பார்கள். ஒரு வியாழக்கிழமை ஒரு பாட்டு முழுக்க வாசல் பக்கம் பார்க்காமலே பாடி முடித்துவிட்டது புஷ்பத்துக்குத் திடீரென்று உறைத்தது. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது. வெளியே யாரும் இல்லை, வயலில் கொக்குகள் நின்றன.

"என்னட்டி?" என்று பாக்கியம் உள்ளிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, நீங்க எடுங்க" என்று சொல்லிக்கொண்டே புஷ்பம் அவர்களிடம் திரும்பி வந்தாள்.